சிலம்பின் உள்ளே இருந்தது

புனே ரவிவார் பேட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பாத்திர வியாபாரம் செய்பவன் நான். தமிழைக் கல்லூரியில் படித்தவனல்லன். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவன். புலவர் பெருமக்கள் என் கூற்றைச் சற்றே பொறுத்தருள வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் அரசாட்சி சரிந்ததைக் காட்டும் பொருள் எது என்றால் பட்டிமன்றத்தில் பெரும்பாலும் செங்கோல் என்றுதான் சொல்கிறார்கள். பாண்டிமாதேவியின் கெட்ட கனவில் குடையும் கோலும் விழுகின்றன. வழக்குரை காதையிலும் குடை தாழ்கிறது, கோல் தளர்கிறது. வாஸ்தவம். ஆனால் அவை அரசன் விழும்போது கூடவே விழுகிறவை. ஒழுங்கு எந்த இடத்தில் அறுந்தது என்று காட்டுவது சிலம்புதான் என்பது என் எண்ணம்.

முதலில் அது காலில் கிடக்கிறது. கோவலன் மாதவி வீட்டோடு தங்கிவிட்டதும், கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை என்கிறார் இளங்கோவடிகள். ஒரு குடும்பம் குலைந்த கதை அதிலேயே முடிந்துபோயிற்று. பிறகு எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் கணவனிடம், சிலம்பு இருக்கிறது என்கிறாள். அந்த நிமிஷம் அது நகை என்பது போய் 'முதல்' ஆகிவிடுகிறது. மதுரையில் தொழில் தொடங்கக் கடைசி முதல். ஜோடியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கோவலன் கடைத்தெருவுக்குப் போகிறான். வியாபாரிக்கு வயிற்றைக் கலக்கும் இடம் இது. புது ஊர், தெரிந்த முகம் ஒன்றுமில்லை, கையில் ஒற்றை நகை. யார் பார்த்தாலும் 'இது எங்கேருந்து வந்துச்சு?' என்றுதானே கேட்பான்?

பிணை சொல்ல ஆள் இருந்தது. ஆனால் அது ஆயர்பாடியில். சமணத் துறவி கவுந்தியடிகள் ஒரு வார்த்தை சொன்னார், இடைச்சி மாதரி அதை நம்பி வீட்டில் இடம் கொடுத்தாள். அந்த வார்த்தை கோட்டைச் சுவரைத் தாண்டி உள்ளே செல்லுபடியாகவில்லை. சேதி தெரிந்தபின் மாதரி தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். பிணை நின்ற இருவரும் பிணையைக் கட்டித் தீர்த்தார்கள்.

இனி அரண்மனைக்கு வருவோம். ஊடிய தேவியைச் சமாதானம் செய்யப் போய்க்கொண்டிருந்த பாண்டியனிடம் பொற்கொல்லன் வந்து சொல்கிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டு வாருங்கள் என்று உத்தரவாகிறது. பின்னால் கண்ணகி வந்து தன் சிலம்பில் மாணிக்கப் பரல் என்கிறாள். எம்முடையதில் முத்து என்று பாண்டியன் உடனே பதில் சொல்கிறான். கவனியுங்கள், உள்ளே இருப்பது என்ன என்று அவனுக்கு முன்பே தெரியும்! 'உன் சிலம்பின் பரல் என்னப்பா?' என்று கோவலனைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் போதும். எங்கள் பக்கத்துக் கடை சராஃப்கூட அடகு நகையை உரைத்துப் பார்க்காமல் பணம் எண்ண மாட்டார். நெடுஞ்செழியன் உயிரையே எண்ணிவிட்டான். சிலம்பு உடைந்து மாணிக்கம் முகத்தில் தெறித்தபோது, நானே கள்வன் என்று சொல்லி விழுந்ததற்கு அர்த்தம் இதுதான்.

ஆங்கிலத்தில் வில்லியம் கோல்டிங் 1954இல் எழுதிய நாவல் ஒன்றில், தீவில் அகப்பட்ட சிறுவர்கள் ஒரு சங்கைக் கண்டெடுக்கிறார்கள். சங்கு யார் கையிலோ அவனுக்கே பேசும் உரிமை என்று சட்டம் போடுகிறார்கள். பாறை உருண்டு சங்கு நொறுங்குகிறது, அதை வைத்திருந்த பையனும் சாகிறான், அதோடு நியாயம் தீர்ந்தது. பிள்ளைகள் பள்ளியில் படித்திருக்கலாம். நல்ல கற்பனைதான். ஆனால் சங்கின் உள்ளே வெறும் காற்று. எல்லோரும் மதிக்கும்வரைதான் மதிப்பு. சிலம்பின் உள்ளே சாட்சி இருக்கிறது. சங்கை உடைத்தது அக்கிரமக்காரன் கை, சிலம்பை உடைத்தது வழக்காட வந்தவள் கை. அங்கே உடைந்ததும் உண்மை பேச இடமில்லாமல் போகிறது, இங்கே உடைந்த பிறகே உண்மை வெளியே வருகிறது. இளங்கோவடிகளின் கணக்கு இன்னும் ஆழமானது என்பேன்.

புனேவாசிகளுக்கு 1791இல் நடந்த காசிராம் கோத்வால் சங்கதி தெரிந்திருக்கும். 1972இல் விஜய் டெண்டுல்கர் நாடகமாக்கினார். தெற்கேயிருந்து வந்த தெலுங்கு அந்தணர்களைக் கோத்வாலின் ஆட்கள் பிடித்துச் சிறு அறையில் அடைக்க, பலர் மூச்சுமுட்டி இறந்தார்கள். ஜனங்கள் கோத்வாலைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள். வெளியூர்க்காரனை விசாரியாமல் தண்டிப்பது மதுரைக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. காவியத்திலேயே இன்னொன்றும் உண்டு. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற அரசு ஊழியனாக இருந்து, சிங்கபுரத்தில் நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்தானாம். ஊழ்வினை என்று சொல்லி எல்லோரும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறிடம். நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்து வெற்றிவேற்செழியன் வந்து, கண்ணகிக்குச் சாந்தியாக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். மழை பெய்து நாடு செழித்தது என்று வருகிறது. திருடியவன் ஒருவன். அவனுக்குப் பின்னால் நூறு பேர் நடந்துவந்ததாக அடிகளே சொல்கிறார். மற்றத் தொள்ளாயிரம் பேர் அந்தச் சிலம்பைக் கண்ணால் பார்த்தார்களா? அவர்களில் யாரையாவது கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டார்களா? உடைந்த சிலம்பு அரண்மனையில்தான் கிடந்திருக்கும்.