தமிழ் எந்த வரியில் இருக்கிறது?

திருவண்ணாமலைக்கு உலகமே வருகிறது. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் வெளிநாட்டுப் பணம் கைமாறாத நாள் இல்லை. ஆனாலும் வெளிநாட்டு நோட்டு சேர்க்கலாம் வா என்று ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டால், "அதெல்லாம் பணக்காரங்க வேலை" என்று நழுவுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. மொரீசியஸ் என்ற குட்டித் தீவின் நோட்டுகளே ஒருவருக்குப் பல வருட வேலை வைக்கும், அதுவும் தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு.

அடிப்படை கொஞ்சம்தான். ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும், மடிக்கக் கூடாது, லேமினேட் செய்யவே கூடாது. மொரீசியஸின் காகித நோட்டை வெளிச்சத்தில் தூக்கினால் டோடோ பறவையின் தலை நீர்க்குறியாகத் தெரியும். 2013 முதல் சில மதிப்புகள் பாலிமரில் வருகின்றன. இது போதும்.

ரசிக்க வேண்டியது நோட்டில் மொழிகள் வரும் வரிசையை. அதற்கு முன் மொரீசியஸின் கதை கொஞ்சம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே போய்விட்டார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாகப் போனது 1834க்குப் பிறகு. இந்தியாவோடு இருந்த அந்தத் தொடர்பில்தான் 1877இல் தீவு டாலரை விட்டு ரூபாய்க்கு மாறியது. ஒரு டாலருக்கு இரண்டு ரூபாய்.

நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்பதே வழக்கமான வரிசை. 1998 நவம்பரில் வந்த புதிய தொடரில் இந்தி மேலே ஏறியது, தமிழ் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. தமிழர்கள் கொதித்தார்கள். வட இந்தியர்களுக்கு முன்பே வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வாதம். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 1999 என்று ஆண்டு போட்டு, பழைய வரிசையோடு மறுபடி அச்சாயின.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே முகம், அதே மதிப்பு. ஆண்டையும் வரிசையையும் பார்க்காதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். "ஒரே டிசைன், ஒன்று போதும்" என்று ஆல்பத்தில் ஒன்றை மட்டும் செருகுபவர் ஒரு சமூகத்தின் போராட்டத்தையே வெளியே எறிகிறார். 786 என்று முடியும் நோட்டு எண்ணுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக்கொடுக்கும் இன்றைய மோகமோ அதைவிட மேலோட்டமானது. அந்த எண்ணுக்குப் பின்னால் நோட்டின் கதை எதுவும் கிடையாது.

நம் சட்டைப் பையில் இருக்கும் இந்திய நோட்டையும் எடுத்துப் பாருங்கள். பின்பக்கப் பட்டியில் 15 மொழிகள், தமிழ் 13ஆவது. மொழிப் பெயர்களின் ஆங்கில அகரவரிசை அப்படி வைத்தது. மொரீசியஸில் வரிசையை முடிவு செய்தது அகரவரிசை அல்ல, யார் முதலில் வந்தார் என்ற வரலாறு.

புதிதாகத் தொடங்குபவர் காதில் மட்டும் ஒன்று சொல்லலாம். முதலில் 1998ஆம் ஆண்டின் 100 ரூபாயைத் தேடுங்கள். அதில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளி வழக்கறிஞர், அரசியல்வாதி. 1968இல் வந்த விடுதலையைப் பார்க்காமலே 1958இல் மறைந்தவர். அவர் முகம் போட்ட நோட்டிலேயே தமிழைக் கீழே இறக்கியிருந்தார்கள். பிறகு 1999ஐ வாங்கி அதன் பக்கத்தில் வையுங்கள். விற்பவர் ஆண்டு தெரியாத மங்கலான படம் அனுப்பினால், தெளிவான படம் வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.