ஒரு விமானியின் மரணமும் இரண்டு நூல்களும்

மரணமொன்றை எழுத்தில் வடிக்க முனைபவனுக்கு மொழித்திறன் மட்டும் போதாது, மனச்சாட்சியும் வேண்டும். அமெரிக்க விமானி கப்டன் தோமஸ் மான்ரெல்லின் முடிவைக் கூறும் இரு நூல்களை ஒப்புநோக்கும்போது இவ்வுண்மை நமக்குத் தெளிவாகின்றது.

1948 ஜனவரி 7ஆம் திகதி பிற்பகல், கெண்டக்கி மாநிலத்துக் கொட்மன் விமானத்தளத்தினர் வானில் ஒளிரும் பொருளொன்றைக் கண்டனர். அவ்வழியே வந்த மான்ரெல்லின் அணியை அதனை அணுகிப் பார்க்குமாறு கேட்டனர். உடன்சென்றோர் திரும்பிவிட்டனர். மான்ரெல் மாத்திரம் பிராணவாயுக் கருவியின்றிச் சுமார் 22,000 அடிக்கும் மேலே ஏறினார். அங்கே அவர் நினைவிழந்தார் என்றே கருதப்படுகின்றது. விமானம் பிராங்ளின் நகரருகே வீழ்ந்து நொறுங்கியது. உலகப் போரில் உயிர்தப்பி வந்த அவருக்கு அப்போது வயது 25. அவர் துரத்தியது வெள்ளிக் கிரகத்தையே என்று விமானப்படை முதலில் விளக்கங் கூறிற்று.

ஓய்வுபெற்ற மேஜர் டொனால்ட் கீஹோ 1950இல் வெளியிட்ட ‘பறக்கும் தட்டுக்கள் மெய்யானவை’ என்னும் நூல் துப்பறியும் நாவலின் விறுவிறுப்புடன் நடக்கின்றது. பட்டப்பகலிற் கண்ணுக்குப் புலப்படுவதே அரிதான வெள்ளியை ஒரு விமானி உயிரைக் கொடுத்துத் துரத்தினார் என்பதை அவர் ஏற்க மறுத்தது முற்றிலும் சரியே. அதிகாரிகள் எதையோ மறைக்கின்றனர் என்னும் ஐயமும் நியாயமானதே. ஆனால், மறைக்கப்படுவது வேற்றுலகத்து வருகையே என்று அவர் தாவும் இடத்தில் ஆராய்ச்சி முடிந்து கதை தொடங்கிவிடுகின்றது. செத்த மனிதன் அக்கதையில் வெறும் சாட்சியாகிறான்.

விமானப்படையின் ‘நீலப் புத்தக’ விசாரணைக்குத் தலைமை தாங்கிய எட்வர்ட் ரப்பெல்ற் 1956இல் எழுதிய ‘அடையாளங் காணப்படாத பறக்கும் பொருள்கள் பற்றிய அறிக்கை’யிற் சோடனை குறைவு. கடற்படையின் ‘ஸ்கைஹூக்’ என்னும் ஆராய்ச்சிப் பலூனே மான்ரெல் கண்ட பொருளாகலாம் என்பது அவர் முடிபு. சுமார் 100 அடி அகலங் கொண்டு, வெயிலிற் பளபளத்து, அவர் விமானம் எட்டவியலாத உயரத்தில் மிதப்பது அது. அன்று அது இராணுவ இரகசியம். அன்றைய தினம் பலூன் ஏவப்பட்டதா என்பதைக் காட்டும் பதிவேடு தமக்குக் கிட்டவில்லை என்பதையும் ரப்பெல்ற் ஒளிக்கவில்லை. இந்நேர்மையே அவர் நூலின் அழகு.

ஆயினும், புதிருக்கு விடை கண்டதோடு அவர் அமைந்துவிடுகிறார். அவ்விடை சரியாயின், கடற்படை பறக்கவிட்டதை விமானத்தளம் அறியாதிருந்தது. அவ்வறியாமைக்கு ஓர் இளைஞன் பலியானான். ரப்பெல்ற் விளக்கமாகக் கூறியதை நாம் குற்றச்சாட்டாகவே வாசிக்க வேண்டியுள்ளது. மக்கள் பணத்தில் இயங்கும் நிறுவனம் மக்களுக்கு உண்மை சொல்ல மறுக்கும்போது, அவர்கள் ஆகாயத்திலே விடை தேடுவதில் வியப்பென்ன? மூடுமந்திரம் நிலவும் இடத்தில் மூடநம்பிக்கை முளைக்கவே செய்யும்.

2020இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் கடற்படை விமானிகள் பதிவுசெய்த, அடையாளந் தெரியாத பொருள்களைக் காட்டும் மூன்று காணொளிகளை வெளியிட்ட போதும், கீஹோவின் வழிவந்த கதைகளே பெருகின. ஆதலால் இவ்விரு நூல்களும் இன்றும் படிக்கத்தக்கவை. கீஹோவிடமிருந்து கேள்வி கேட்கும் துணிவையும், ரப்பெல்ற்றிடமிருந்து சான்றின் எல்லையில் நிற்கும் அடக்கத்தையும் நாம் கற்றுக்கொள்வோமாக.