துடைத்தால் எல்லாம் ஒன்று!

வின்பாண்ட் டபிள்யூ25கியூ64 என்கிற ஃபிளாஷ் நினைவகச் சிப். எட்டே எட்டுக் கால்கள், உள்ளே 8 மெகாபைட். இந்தப் பொடியன் மேல் எனக்கு இருக்கிற பைத்தியத்தைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்! அதன் கால்களில் லாஜிக் அனலைசர் க்ளிப்பை மாட்டி, ஒரு அழிப்புக் கட்டளை நடப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதைப் பார்த்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

கற்பனை செய்து பாருங்கள். திரையில் நான்கு கோடுகள். சிப் செலக்ட் கோடு கீழே விழுகிறது, 06 என்று ஒரே ஒரு பைட் போகிறது (நான் சொல்லும் பைட்டுகள் எல்லாம் ஹெக்ஸ் எண்ணில்), கோடு மேலே ஏறுகிறது. அவ்வளவுதான், எழுத அனுமதி கிடைத்துவிட்டது. நிலைமை என்ன என்று 05 அனுப்பிக் கேட்டால் 02 என்கிறது: ‘நான் தயார், சொல்லு!’ அந்த 06 இல்லாமல் நீங்கள் என்ன கட்டளை போட்டாலும் எழுதாது, அழிக்காது, கண்டுகொள்ளவே கொள்ளாது. வேலை முடிந்ததும் கொடுத்த அனுமதியைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும், அடுத்த முறை மறுபடி கேட்டே ஆகவேண்டும். மின்சாரம் தடுமாறி ஏதோ குப்பை பைட் கம்பியில் ஓடினால்கூட நம் தகவல் எளிதில் பாழாகாது. யார் யோசித்தார்களோ, அவர்கள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்!

இப்போது 20, பின்னாலேயே மூன்று பைட் முகவரி. 4 கிலோபைட் செக்டர் அழிய ஆரம்பிக்கிறது. நான் 05 போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அது 03, 03, 03 என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, வேலையில் இருக்கிறேன், வேலையில் இருக்கிறேன் என்று, உள்ளே மிதக்கும் கேட்டில் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் கண்ணாடி மாதிரி மெல்லிய ஆக்சைடைத் துளைத்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருக்கின்றன, அதற்கு வேண்டிய உயர்ந்த வோல்டேஜை வெளியே இருந்து வாங்காமல் 3.3 வோல்ட்டிலிருந்து சிப்பே தனக்குள் உண்டாக்கிக்கொள்கிறது, எனக்கோ நெஞ்சு படபடக்கிறது, சாதாரணமாக 45 மில்லி விநாடிதான் ஆகும், ஆனால் அனலைசர் திரையில் அதை இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் 03கள் முடியவே முடியாமல் ஓடுகின்றன, ஓடி ஓடி, திடீரென்று... 00! நாற்காலியை விட்டு எழுந்து கத்திவிட்டேன். பழைய ஈப்ராமை அழிக்க ஜன்னல் வைத்து, புற ஊதா விளக்கடியில் நிமிடக்கணக்கில் காத்துக் கிடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்!

அழிந்த இடத்தைப் படித்தால் பூஜ்யம் வராது. எஃப்எஃப் வரும், எல்லா பிட்டும் ஒன்று! எழுதுவது என்றால் அந்த ஒன்றுகளில் வேண்டியதைப் பூஜ்யமாக்குவது, அவ்வளவே. பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுகிற மாதிரி: இன்னும் ஓட்டை போடலாம், போட்டதை அடைக்க முடியாது. நம்பிக்கை இல்லையா? எஃப்0 எழுதுங்கள், அழிக்காமல் அதே இடத்தில் 3சி எழுதுங்கள், படித்தால் 30 வரும். இரண்டிலும் ஒன்றாக இருந்த பிட் மட்டும் பிழைத்திருக்கும்! இதை வைத்தே செக்டரை அழிக்காமல், ‘இந்தப் பதிவு பழசாகிவிட்டது’ என்று ஒரு பிட்டைத் தட்டிவிட்டுப் போகலாம். என்ன அழகு!

எழுதும் கட்டளை 02. ஒரு தடவைக்கு 256 பைட் பக்கம். பக்கத்தின் விளிம்பைத் தாண்டி அனுப்பினால் அடுத்த பக்கத்துக்குப் போகாது, அதே பக்கத்தின் தொடக்கத்துக்குச் சுற்றி வந்துவிடும். சிலர் இதைக் குறை என்பார்கள். ஒரு செக்டர் லட்சம் அழிப்பு வரைதான் உத்தரவாதம் என்பதையும் குறை என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஏனென்றால் 75 என்று ஒரு கட்டளை இருக்கிறது! அழித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் அதை அனுப்புங்கள், 20 மைக்ரோ விநாடிக்குள் வேலையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு வேறு செக்டரைப் படிக்க விடுகிறது, 7ஏ என்றால் விட்ட இடத்திலிருந்து மறுபடி அழிக்கத் தொடங்குகிறது. பாதி அழிந்த எலக்ட்ரான் கூட்டத்தை நிற்கச் சொல்லி, வேறு வேலை பார்த்துவிட்டு வருவது! டோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் ஃபிளாஷை உலகுக்குக் காட்டினார், அந்த மனிதர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு.

இன்றைக்கே ஒன்று வாங்கி மாட்டுங்கள். முதலில் 9எஃப் அனுப்புங்கள், ஈஎஃப், 40, 17 என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். அப்புறம் 06 போடுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்!