கூடம் கோணலா?

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம்மவர் பழமொழி. மலாய் மொழியிலும் இதற்கு நிகரான ஒன்று வழங்குகிறது: “தாக் தாஹு மெனாரி, டிகாத்தாக்கான் லந்தாய் ஜொங்காங்-ஜொங்கெட்.” ஆடத் தெரியாதவர் தரை ஏறியிறங்குகிறது என்கிறார் என்பது இதன் பொருள். இரு மொழியாரும் ஆடுவோரைக் குற்றவாளியாக்கித் தரையை விடுதலை செய்துவிட்டனர். இத்தீர்ப்புச் சரிதானா?

இளங்கோவடிகள் அவ்வாறு கருதவில்லை. 7 ஆண்டு பயின்று 12-ஆம் அகவையில் மாதவி ஆடுதற்கு முன்னே அரங்கு அமைகிறது. அரங்கிற்கு முன்னே நிலம் தெரிந்தெடுக்கப்படுகிறது. 24 பெருவிரல் அளவுடைய கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1 என அளவும் கூறப்படுகிறது. 1892-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த அடியார்க்குநல்லார் உரை, நிலத்தை வன்பால், மென்பால், இடைப்பால் என மூன்றாக வகுக்கிறது. குழியில் எடுத்த மண்ணை அக்குழியிலேயே இட, மிகுவது வன்பால், குறைவது மென்பால், ஒப்பது இடைப்பால். இது நிலத்தின் உறுதி பற்றிய சோதனையேயன்றி வழுக்கல் பற்றியதன்று. ஆயினும், ஆடுவோரை ஆராயுமுன் ஆடுமிடத்தை ஆராய்தல் நூல்நெறி என்பது இதனால் விளங்கும். தெலுக் பங்லிமா காராங்கை அடுத்த கேரித் தீவில் வாழும் மா மெரி பழங்குடியினரும், மண்மேடு ஒன்றை அமைத்து அதனைச் சுற்றியே தம் ஆடலை நிகழ்த்துகின்றனர்.

தரையின் வேறுபாடு மிகுதியும் புலப்படுவது சுழற்சியிலேதான். வடமொழி அபிநய தர்ப்பணம் ‘பிரமரி’ எனப்படும் சுழற்சியை ஏழாக வகுக்கிறது. சக்கர பிரமரியில் பாதங்கள் தரையில் உராய்ந்தே செல்லும். ஏகபாத பிரமரியில் முழுப் பாரமும் ஒற்றைக் காலில் நிற்கும். ஆகாச பிரமரியில் உடல் எழும்பிச் சுழன்று இறங்கும். முதலாவதற்கு வழவழப்பும், இரண்டாவதற்கு அளவான பிடிப்பும், மூன்றாவதற்கு இறங்குங்காலைத் தாங்கும் நெகிழ்வும் வேண்டும். ஒரே தரை மூன்றுக்கும் ஒருபடியாக உதவாது.

காரணம் எளிது. சுழல்வதற்குத் தரையை உந்த வேண்டும். உந்துதற்கு உராய்வு வேண்டும். அவ்வுராய்வே பின்னர்ச் சுழற்சியைத் தடுக்கவும் செய்கிறது. மெருகிட்ட சலவைக்கல்லில் உந்துங்கால் வழுக்கும். சுழற்சியும் நிற்கவேண்டிய தாளத்தில் நில்லாது. அங்கே மெல்ல உந்தி, முழங்காலை மடித்து, முடிவுக்குச் சற்று முன்னரே கைகளை விரித்து வேகத்தைக் குறைத்தல் வேண்டும். ரப்பர் விரிப்பிலோ பாதம் ஒட்டிக்கொள்ள உடல் மட்டும் திரும்பும். முறுக்கம் முழங்காலில் ஏறும். அங்கே குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் சுழலவேண்டும். தொடும் பரப்பு சுருங்கச் சுருங்கச் சுழற்சிக்குரிய தடையும் குறையும். மேனாட்டு பாலே ஆடுவோர் வழுக்காதிருக்கக் காலணியில் ரோசனப் பொடி தேய்ப்பதும், துருக்கியின் மெவ்லவி துறவியர் பாதம் எளிதில் திரும்பப் பலகையில் உப்புத் தூவிப் பழகுவதும் தரையைத் தம்வயப்படுத்தும் முறைகளே.

நம் வட்டாரத்துப் பிள்ளையோ வீட்டில் டைல்ஸ் தரையில் பயின்று, பள்ளி மண்டபத்துச் சிமெண்டில் ஒத்திகை பார்த்து, போட்டி நாளில் முன்பின் மிதித்தறியாத மேடையில் ஆட நேர்கிறது. தடுமாறினால் மதிப்பெண் குறைகிறது. பழமொழியும் நம் வாயில் வந்துவிடுகிறது. தரைக்கேற்பக் காலை மாற்றுதலும் ஆடற்கலையின் பகுதியே. அவ்வளவில் பழமொழி உண்மை. ஆனால் அதனைக் கற்பிக்காதவர் யார்? ஆடுமுன் மேடையில் பத்து நிமிடம் கால்பழக விடாதவர் யார்? அப்பழியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுதல் முறையன்று.

ஒரே சுழற்சியை மூன்று தரைகளில் ஆடிக் காட்டச் செய்து, வேறுபாட்டைப் பிள்ளைகளே உணர்ந்து கூறுமாறு ஆசிரியர்கள் பயிற்றுவார்களாக. கூடம் சில வேளை உண்மையிலேயே கோணலாயிருக்கும். அதனை ஆடுமுன் கண்டுகொள்ளும் பிள்ளையே ஆடத் தெரிந்த பிள்ளை.