நூல் அறுந்தால் தறி நிற்கட்டும்

தர மேலாண்மைக்கு ஒரு பிறந்த ஆண்டு குறிக்கச் சொன்னால் 1924 என்பேன். அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் அந்த ஆண்டு மே மாதம் தம் மேலதிகாரிக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு கொடுத்தார். அதிலிருந்த படம்தான் இன்று பட்டறைகளில் தொங்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தின் மூலம். அதே ஆண்டு ஜப்பானில் சகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் 'ஜி' வகைத் தறியை முடித்தார். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. பின்னால் வந்த மரபுகள் பெரும்பாலும் இந்த இரண்டின் கிளைகளே.

ஷூஹார்ட் சொன்னது எளிது, பின்பற்றுவதுதான் கடினம். எந்த இயந்திரமும் ஒரே அளவில் இரண்டு உருப்படி தராது. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி வேலைமுறையிலேயே ஊறியது. இன்னொரு பகுதி தேய்ந்த டூல், மட்டமான சரக்கு போல வெளியிலிருந்து நுழைந்தது. இரண்டையும் பிரித்தறியாமல், உருப்படிக்கு உருப்படி லேத்தைத் திருகுகிற ஆபரேட்டர் அளவை மேலும் குலைக்கிறார். முதல் வகைக்குத் தொழிலாளியைத் திட்டிப் பயனில்லை, முறையை மாற்ற வேண்டும். முறையோ நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. 1950இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானிய முதலாளிகளிடம் போய்ச் சொன்னதும் இதைத்தான். அவர் வாங்க மறுத்த நூல் உரிமைத் தொகையைக் கொண்டு 1951இல் டெமிங் பரிசு பிறந்தது.

தறி மரபு வேறு வகை. பிழை கண்ட இடத்திலேயே வேலையை நிறுத்து, காரணத்தைக் களை, பிறகு ஓட்டு. சகிச்சியின் குடும்பம் பின்னர் தொடங்கிய டொயோட்டா கார் ஆலையில் தொழிலாளி கயிற்றை இழுத்து மேற்பார்வையாளரை அழைக்கலாம். கோளாறு தீராவிட்டால் லைனே நின்றுவிடும். அன்றைய உற்பத்திக் கணக்கைப் பார்த்துக் கை நடுங்காத மேலாளர்தான் இதை நடத்த முடியும். கவோரு இஷிகாவா 1962 முதல் வளர்த்த தர வட்டங்கள், யோசிக்கும் பொறுப்பையும் தொழிலாளியிடமே தந்தன. மோட்டோரோலாவின் சிக்ஸ் சிக்மா, பத்து லட்சம் வாய்ப்புக்கு 3.4 பிழை என்ற இலக்கை வைத்தது. எனக்கு அது ஷூஹார்ட்டின் பேரப்பிள்ளை.

சான்றிதழ் மரபின் மீது எனக்கு அத்தனை மதிப்பு இல்லை. 1987இல் வந்த ஐஎஸ்ஓ 9000, எழுதிவைத்தபடி செய்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்டது. மட்டமான பொருளையும் எழுதிவைத்தபடி செய்யலாமே! ஆடிட்டுக்கு முந்தைய வாரம் ஃபைல்கள் தூசி தட்டப்படுவதை நம் தொழிற்பேட்டைகளில் பார்க்காதவர் யார்? ஆனாலும், எதையுமே எழுதிவைக்காத சிறு பட்டறைக்கு அதுவே முதல் படியாக இருந்ததை மறுக்க மாட்டேன்.

சென்னைப் பாடிக்கு இந்தக் கதையில் உரிய இடம் உண்டு. 1998இல் டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனம் அங்கிருந்த சுந்தரம் கிளேட்டன். 2002இல் டிவிஎஸ் மோட்டாரும் பெற்றது.

சேவைத் தொழிலுக்கு இவையெல்லாம் அப்படியே பொருந்தா. பழுதான பிஸ்டனைக் கழித்துப் போடலாம்; தவறிய அறுவை சிகிச்சையைக் கிடங்கில் நிறுத்தி வைக்க முடியாது. ஆனாலும், 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு மேசையில் கண்புரை அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராகிறார். எந்தக் கருவி எப்போது யார் கையிலிருந்து வரும் என்பது வரை பழகிய ஒழுங்கு. டொயோட்டாவிலிருந்து யாராவது வந்து பார்த்தால் அவருக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது.