டூபாண்ட் அடுக்கிவைத்த அமெரிக்கா

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், பிராண்டிவைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது விண்டர்டூர் மாளிகை. 175 அறைகள், சுற்றிலும் ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலம். வெடிமருந்துத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த டூபாண்ட் குடும்பத்தின் சொத்தாக இருந்தது அது. அந்தக் குடும்பத்தில் 1880ல் பிறந்த ஹென்றி ஃபிரான்சிஸ் டூபாண்ட், பிறந்து வளர்ந்த அந்த வீட்டை 1951ல் அலங்காரக் கலை அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். தாம் பக்கத்திலேயே ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டு குடிபோனார். சிறியது என்பது அவர் கணக்குக்கு.

1640 முதல் 1860 வரை அமெரிக்காவில் செய்த, புழங்கிய பொருள்களே இங்கு முதன்மை. நாற்காலி, அலமாரி, பீங்கான், வெள்ளி, திரைச்சீலை எல்லாம் அந்தந்தக் காலத்து அறைகளில், வீட்டுக்காரர்கள் இப்போதுதான் எழுந்து போனதுபோல வைக்கப்பட்டிருக்கின்றன. உணவுக்கூடத்தில் விடுதலைப் போர்க்கால வெள்ளிக்கொல்லர் பால் ரெவியர் செய்த ஆறு வெள்ளிக் குவளைகள் இருக்கின்றன. அமெரிக்க விடுதலைப் போரை முடிக்க பிரிட்டனுடன் நடந்த 1782ன் சமாதானப் பேச்சைப் பற்றி பெஞ்சமின் வெஸ்ட் தீட்டிய ஓவியமும் இங்கே இருக்கிறது. அதில் அமெரிக்கத் தூதர்கள் மட்டும் இருக்கிறார்கள். எதிர்த்தரப்பு பிரிட்டிஷாரை வரையவேயில்லை, பாதித் துணி வெறுமை. ஒரு நாட்டின் பிறப்பையும் அந்தத் தலைமுறை குடித்த பாத்திரத்தையும் ஒரே வீட்டில் பார்க்க முடிவது இந்த முறையின் பலம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் குவளை வெறும் குவளைதான்.

பலம் அதோடு நிற்கவில்லை. இடிபட இருந்த பழைய வீடுகளின் மரவேலைப்பாடுகளை டூபாண்ட் வாங்கி வந்திராவிட்டால் பல விறகாகியிருக்கும். 1952 முதல் டெலவேர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இங்கே பொருள்சார் பண்பாட்டில், அதாவது மனிதர் செய்து புழங்கிய பொருள்கள் வழியே வரலாற்றைப் படிப்பதில், பட்டப்படிப்பு நடக்கிறது. பழம்பொருள் பாதுகாப்பிலும் ஆட்களைப் பயிற்றுவிக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்களின் பளீர்ப் பச்சை அட்டைகளில் ஆர்செனிக் நஞ்சு இருப்பதை 2019 முதல் ஆராய்ந்து உலக நூலகங்களை எச்சரித்தவர்கள் இவர்களே. பணக்காரர் ஒருவரின் சேகரிப்பு இவ்வளவு பேருக்குப் பாடசாலை ஆவது அபூர்வம்.

ஆனால் அறைகளை வரலாறு என்று நம்பும்போதுதான் சிக்கல். சீனக் கூடம் என்ற அறையைப் பாருங்கள். அதன் சுவரில் இருப்பது 1770 வாக்கில் சீனாவில் கையால் தீட்டிய தாள். அது அறையின் உயரத்துக்குள் அடங்கவில்லை. தாளை வெட்ட மனமில்லாத டூபாண்ட், சுவரும் கூரையும் சேருமிடத்தை வளைத்துக் கட்டி, தாளை மேலேற்றி ஒட்டினார். அழகான தீர்வு. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அப்படி ஓர் அறை இருந்ததென்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தால் ஏமாந்தோம். வட கரோலினாவின் மான்ட்மொரென்சி வீட்டிலிருந்து கொண்டுவந்த புகழ்பெற்ற வளைவுப் படிக்கட்டும் அப்படித்தான். புதிய கூடத்தின் அளவுக்கும் டூபாண்டின் கண்ணுக்கும் ஏற்ப மாற்றியே நிறுத்தினார்கள்.

மான்ட்மொரென்சி ஒரு தோட்டப் பண்ணையின் வீடு. அதன் செல்வம் அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. இங்குள்ள ஃபிலடெல்ஃபியா மேசைகளின் மகோகனி மரத்தைக் கரீபியக் காடுகளில் வெட்டியவர்களும் அடிமைகள். இந்த அறைகளில் எல்லாம் துடைத்துப் பளபளவென்றிருக்கிறது. துடைத்த கைக்கு மட்டும் இடமில்லை. அடுப்படிக் கரி, மெழுகுவத்திப் புகை, நோய்ப்படுக்கை எதுவும் கிடையாது. டூபாண்டுக்கு வேண்டியது நிறப் பொருத்தம். நேற்றைய வாழ்க்கையை அந்தப் பொருத்தத்துக்குள் அடக்கினார்.

இப்படி இடம் பெயர்த்து, வாழ்க்கையை உதிர்த்துக் காட்டுவது விண்டர்டூரின் தனிப்பழக்கமும் இல்லை. அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் நம் மதுரையின் கல்மண்டபம் ஒன்று நிற்கிறது. மதனகோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்த தூண்கள் அவை. 1912ல் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் வாங்கியவை, 1919ல் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகப் போயின. கோயில் இன்றும் மதுரையில்தான் இருக்கிறது. பெயர்த்தெடுத்த கல் வேறோர் ஊரில் கூரைக்குக் கீழே நின்றால் சிற்பம் தெரியும், விளக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் தெரியாது. காப்பாற்றினார்கள் என்பதும் உண்மை, இடம் பிரித்தார்கள் என்பதும் உண்மை.

தோட்டத்துக்கு வந்தால் எனக்கு மனம் இளகுகிறது. சுமார் 60 ஏக்கர். தோட்டக்கலை படித்தவர் டூபாண்ட். ஆண்டுதோறும் எந்தச் செடி எப்போது பூக்கிறது என்று குறித்துவைத்தவர். நோய் கண்டு செஸ்ட்நட் மரங்கள் மடிந்த வெட்டவெளியில் ஜப்பானிய அசேலியாச் செடிகளை நட்டார். இன்று மே மாதத்தில் அந்தக் காடே இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகிறது. பனி விலகும்போது மார்ச் பேங்க் சரிவில் தரையோடு தரையாக நீலப் பூ விரிகிறது. 1969ல் அவர் இறந்தபின் தோட்டம் சீர்குலைந்தது. 1980களின் பிற்பகுதியில் தொடங்கி, அவருடைய குறிப்புகளையும் பழைய படங்களையும் வைத்து மீட்டார்கள். இது ஒரு மனிதரின் கற்பனை என்று தோட்டம் ஒளிக்காமல் சொல்கிறது. அதனால் பொய்யே இல்லை. மீட்பு என்ற பெயரில் ஒரு காலப்புள்ளியில் உறையவைத்துவிடும் அபாயம் இங்கும் உண்டு. ஆனால் 2001ல் ஓக் மரங்களுக்கடியில் சிறுவர்களுக்கென்று ஒரு மாயத்தோட்டம் அமைத்தார்களே, அந்தத் துணிச்சல் நல்லது.

அந்தத் துணிச்சலை வீட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். டூபாண்டின் கடிதங்களும் கணக்குகளும் விண்டர்டூர் நூலகத்திலேயே இருக்கின்றன. எந்தச் சுவரை வளைத்தார், எந்தப் படியை மாற்றினார், எந்த மரம் யார் கையால் வந்தது என்று ஒவ்வொரு அறை வாசலிலும் நாலு வரி எழுதி வைக்கலாம். அழகு அதனால் குறையாது. அதுவரை அங்கே போகிறவர்கள் முதலில் தோட்டத்தைச் சுற்றிவிட்டு, பிறகு வீட்டுக்குள் நுழையுங்கள். டூபாண்டின் பார்வை பழகியபின் அறைகளைப் பார்ப்பது எளிது.