உடைத்துப் பார்த்தால் தெரியாது

மர இணைப்பைக் கிடுக்கியில் மாட்டி, ஜாக்கியால் அழுத்தி, அது படீரென்று முறியும்போது மீட்டரில் நிற்கும் எண்ணைக் காட்டும் காணொளிகள் பெருகிவிட்டன. அதிக எண் வாங்கிய இணைப்புக்கு வெற்றி. சின்னதாக ஒரு பக்கமேசை செய்ய நினைப்பவர்கூட மரக்கடைக்குப் போகுமுன் இந்தப் பட்டியலைத்தான் தேடுகிறார். இதையே அறிவியல் முறை என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பரம்பரை வழக்கம் என்ற பெயரில் ஆராயாமல் நம்பிவந்த சிலவற்றை இந்தச் சோதனைகள் அசைத்துப் பார்த்தன. பசையைத் திட்டிக்கொண்டே பசையை நம்பியிருந்தவர்களின் வாயை அடைத்தன. புதிதாக உளி பிடிப்பவருக்குத் துணிவும் தந்தன. இவ்வளவும் நல்லதே.

அமெரிக்காவின் ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ இதழ் 2009-இல் 18 வகைச் சட்ட இணைப்புகளை உடைத்துப் பார்த்தது. முதலிடம் துளையில் நாக்குச் செருகும் இணைப்புக்குக் கிடைக்கவில்லை. இரண்டு சட்டங்களையும் பாதிப் பாதியாகச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்டும் அரைப்படி இணைப்பு 1,600 பவுண்டு தாண்டி நின்று வென்றது. பசை தடவி வெறுமனே முட்டவைத்ததுகூட 470 பவுண்டுக்கு மேல் தாங்கியது. சோதனைக்கு வைத்த மூலையின்மேல் ஏற்றிய சுமை அது. மேசைக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், விளக்கும் காப்பித் தம்ளரும் நாலு புத்தகமும் வைக்கிற மேசைக்கு இந்த முட்டு இணைப்பே போதும்போல் தோன்றும். அப்படியானால் வீட்டுக்கு வீடு ஆடிக்கொண்டிருக்கும் மேசைகள் எங்கிருந்து வந்தன?

அவை சுமை தாங்காமல் ஆட்டம் காணவில்லை. பெருக்கும்போது மேசையைத் தூக்காமல் இழுக்கிறோம். டைல்ஸ் இடுக்கில் ஒரு கால் தட்டி நிற்கிறது. 50 செ.மீ. கால் அங்கே நெம்புகோல் ஆகிறது. அதை எதிர்த்துப் பிடிக்க இருப்பதோ 10 செ.மீ. அகல மேல்சட்டம். அடியில் பட்ட விசை இணைப்பில் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. உடனே எதுவும் முறிவதில்லை. சட்டத்தின் தோள், அதாவது நாக்கைச் சுற்றி நிற்கும் விளிம்பு, காலோடு ஒட்டி உட்கார்ந்த இடத்தில் முடியிழை அளவு இடைவெளி விழுகிறது. அடுத்த இழுப்பில் அது கொஞ்சம் அகலும். ஒரே அழுத்தில் உடைக்கும் சோதனையில் இந்தச் சின்னச் சின்ன இழுப்புகளுக்கு இடமே இல்லை.

அதைவிடப் பெரிய குறை, சோதனைக்கு வரும் இணைப்பு நேற்று ஒட்டியது என்பது. அது ஒரு மழைக்காலத்தைக்கூடப் பார்த்ததில்லை. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் ஊதும், சுருங்கும். அடக்கமான மரம் என்று பெயர் எடுத்த தேக்கே, மரத்துக்குள் இருக்கும் ஈரம் ஆறு விழுக்காடு மாறினால் 450 மி.மீ. அகல மேற்பலகையில் சுமார் 5 மி.மீ. கூடிக் குறையும். ஐப்பசி மழையில் நனைந்த காற்றும், இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையும் மாறி மாறி வந்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பலகையைச் சட்டத்தோடு அழுத்தமாக ஒட்டிவிட்டால், பசை எவ்வளவு நல்லதோ அவ்வளவு நிச்சயமாகப் பலகை வெடிக்கும். பசை விடாது, மரம் நகர்ந்தே தீரும், நடுவில் ரேகை பிளக்கும். இங்கே வலிமைதான் கெடுதல் செய்கிறது. சட்டத்தில் காடி எடுத்து, அதற்குள் நாக்கு நீட்டிய சிறு கட்டைகளைப் பலகையின் அடியில் திருகிவிட்டால் பலகை தன் இஷ்டத்துக்கு நகர்ந்துகொள்ளும். இந்தக் கட்டை எந்தப் பட்டியலிலும் இடம்பிடிக்காது. உடைத்துக் காட்ட அதில் என்ன இருக்கிறது?

காலும் சட்டமும் சேரும் இடத்திலும் இதே சண்டைதான். காலின் ரேகை மேல்கீழாக, சட்டத்தின் ரேகை குறுக்காக. சட்டம் ஒரு மி.மீ. ஊத நினைக்கும்போது கால் அசையாமல் நிற்கும். ஒட்டிய முகம் வருடாவருடம் அறுபடும். எண்ணைக் கூட்டும் ஆசையில் நாக்கை நீட்டினால் இன்னொரு கேடு. 40 மி.மீ. காலுக்குள் இரண்டு பக்கத்துத் துளைகளும் சந்தித்து, கால் உள்ளே கூடாகிப்போகும். நாக்கின் தடிமன் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, தோள் நன்றாகப் படிவது, குறுக்கே ஒரு மர முளை. பக்கமேசைக்கு இதற்குமேல் வேண்டாம். நாக்கில் இடும் ஓட்டையைத் தோள்பக்கம் ஒன்றரை மி.மீ. தள்ளிப் போட்டால், முளை இறங்க இறங்கத் தோளைக் காலோடு இழுத்துக் கட்டும். பசை செத்தாலும் முளை வேலை செய்யும். கயிற்றுக் கட்டில் இன்னும் ஒரு படி மேல்: பசையே கிடையாது, கயிற்றின் இழுப்புதான் நாலு காலையும் பிடித்து வைத்திருக்கிறது. தளர்ந்தால் கயிற்றை இறுக்கிக் கட்டினால் சரியாயிற்று.

என் நெடுநாள் வழக்கே இங்குதான். உடைக்கிறவர்கள் ஒருநாளும் பிரித்துப் பார்ப்பதில்லை. தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையைச் சூடும் ஈரமும் காட்டி இளக்கலாம். மறுபடி பூசினால் பழையதோடு பிடித்துக்கொள்ளும். இன்றைய வெள்ளைப் பசை, இறுகிய தன்மீதே சரியாக ஒட்டாது. ஆட்டம் கண்ட மேசையைக் கொண்டுபோனால் ஆசாரி முதலில் பழைய பசையைச் சுரண்டி மரத்தை வெளிக்கொணர வேண்டும். அதற்குள் நாக்கு மெலிந்து துளையில் தளர்ந்துவிடும். அந்தக் கூலிக்குப் புதுசே வாங்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லும்போது ஆசாரியிடம் பதில் இருக்காது.

“இருபது வருஷம் கழித்து யார் மேசையைப் பிரிக்கப்போகிறார்கள்?” என்பார்கள். இருபது வருஷம் நினைப்பில் இல்லையென்றால் தேக்கு எதற்கு, கைவேலை எதற்கு? ஒட்டுப்பலகையில் நாலு ஸ்க்ரூ போதும். அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. தேக்கில் காசு போட்டு ஆசாரியிடம் செய்யச் சொல்பவர், எத்தனை பவுண்டு தாங்கும் என்று கேட்க வேண்டியதில்லை. மேற்பலகையை எப்படிக் கழற்றுவது, முளையை எந்தப் பக்கமிருந்து தட்டி எடுப்பது என்று இரண்டு கேள்வி கேட்கட்டும். சரியாகச் செய்தவர் மேசையைக் கவிழ்த்து, விரல் வைத்துக் காட்டிவிடுவார்.